இனியும் வராது என்று ஒரு சத்தியம்

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, என் கணவர் ஓட்டிவந்து சிவப்பு விளக்குக்காக நிறுத்தியிருந்த எங்கள் காரின் பின்புறத்தில் ஒரு பால் வண்டி வந்து இடித்தது. பெரிய இடி ஒன்றும் இல்லை. பாத்திர அடுக்கு சரிந்த மாதிரி ஒரு சத்தம், என் மடியிலிருந்த முட்டைக்கோஸ் காலடியில் உருண்டது, அவ்வளவுதான். பால்காரர் ஓடி வந்து, உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். போலீஸ்காரர் வந்து கேட்டார். ஒன்றும் இல்லை. எதிர்க்கடை அம்மாள் தேநீர் கொண்டுவந்து கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவளுடைய மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்தேன். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்தப் பஞ்சாலை ஊரில், பாதி உயிர் போனவர்கூட நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவார். வந்து எட்டு வருஷத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

வியாழக்கிழமை பால் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் கொடுத்த முறுக்கைப் பல்லுக்குப் பயந்து பயந்து கடித்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். எனக்கு அடி ஒன்றும் படவில்லை என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். என் கணவர் பஸ் டிப்போவில் வேலை செய்கிறார். காகிதம் என்றால் நாலு முறை படிக்கிற மனிதர். அன்றைக்கு அவருக்குப் பகல் ஷிப்ட். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்துவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று அவர் எதிரிலேயே வாசித்துப் பார்ப்பது எப்படி?

சனிக்கிழமை காலையில் கழுத்து திரும்பவில்லை. வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. இவர் அந்தக் காகிதத்தின் நகலைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். இப்போது அடி இல்லை என்பதோடு அது நிற்கவில்லை. இனி எப்போதும் எந்த வலியும் வராது என்றும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"இனிமே வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அது எங்கள் வீட்டு வழக்கம் என்று அவருக்கு எப்படிச் சொல்லுவேன்.

2

இங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வலி எப்போது ஆரம்பித்தது, எங்கே, எப்படிப்பட்ட வலி. முதல் இரண்டும் எழுதிவிட்டேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். கழுத்தில் இருப்பது இழுப்பு. தோளில் இருப்பது குடைச்சல். கையில் இறங்கும்போது அது கடுப்பாகிவிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான். அதையே மூன்று தடவை எழுதினேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, கை தவறித் திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன் என்று நினைத்து, இரண்டைப் பொறுமையாக அடித்தார்.

பிறகு விளக்கினார். இப்படிப்பட்ட இடியில் அன்றைக்கு ஒன்றும் தெரியாதாம். பயத்தில் உடம்பு இறுகி நிற்குமாம். இரண்டு நாள், மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம்கூடக் கழித்துத்தான் வலி தலை காட்டுமாம். "உங்கள் நாட்டில் இப்படிக் கேள்விப்பட்டதில்லையா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கழுத்து சுளீரென்றது. டாக்டர் கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு காலுறை ஆலைக்கு வேலைக்குப் போனபோது, கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன்.

3

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பதினைந்து வயது. அக்காவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நாங்கள் விழுப்புரத்துக்கு வெளியே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டில் நெல் மிஷின் வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு பிளஷர் கார் வைத்திருந்தார்கள். எங்களை வீடு பார்க்க அழைத்துப்போக மாப்பிள்ளையின் அப்பா தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் போனால் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் தனக்குக் கார் இருப்பதும், அதைத் தானே ஓட்டத் தெரியும் என்பதும் விழுப்புரத்துக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

முன்னால் சம்பந்தியும் அப்பாவும். பின்னால் அம்மாவும் நானும். அக்கா வரவில்லை, கல்யாணப் பெண் வரக்கூடாது. விக்கிரவாண்டி தாண்டியதும் சம்பந்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெல் மிஷினில் தவிடு எப்படிப் பிரிகிறது என்பதைக் கையால் காட்டி விளக்கினார். இரண்டு கையாலும் விளக்கினார். எதிரே மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. அதற்கு வழி விட்ட கார் நேரே போய்ச் சாலையோரப் புளியமரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

வண்டிக்காரர் இறங்கி வந்து, மரத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "மரம் நேத்தும் இங்கதானேங்க இருந்துச்சு?" என்று சம்பந்தியிடம் மரியாதையாகவே கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லியே?" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு?" என்றார் சம்பந்தி.

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்லீங்க" என்றாள் அம்மா.

எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. பெரிய ஆபத்தில் தப்பித்தவர்களுக்கு வருகிற சிரிப்பு. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திண்டிவனம் போனோம். அப்பாவும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை சாதம் போட்டுச் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியின் அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"பொண்ணு எடுக்கப் போன காரு மரத்துல மோதிக்கினு நிக்குது. யாருக்குனா ஒரு சின்ன அடி பட்டிருந்தாலும் அது கெட்ட சகுனம். இந்தச் சம்பந்தம் வேணாம். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னா சாமி காப்பாத்துச்சுன்னு அர்த்தம். ரெண்டுல எது?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா.

"பொண்ணு வீட்டுக்காரங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கே திருவாமாத்தூர் போறோம். வட்டப்பாறையில நின்னு சத்தியம் பண்றோம். போதுமா?" என்றார்.

திருவாமாத்தூர்க் கோயில் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் பண்ணினால் பாம்பு கடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அக்காவின் கல்யாணம் இப்போது மூன்று பேருடைய உடம்பின்மேல் நின்றது.

4

மறுநாள் காலையில் குளித்து முழுகி, ஈரத் துணியோடு மூன்று பேரும் வட்டப்பாறைக்கு முன் நின்றார்கள். அப்பா, சம்பந்தி, அம்மா. நான் சின்னப் பெண் என்று என்னை யாரும் கேட்கவில்லை. என் முட்டியில் ஒரு சிராய்ப்பு இருந்தது. பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அத்தையை விட்டுத் தள்ளி நின்றேன்.

அப்பாதான் வாசகம் சொன்னார். "தலையிலேந்து கால் வரைக்கும் எங்களுக்கு எந்த அடியும் படல. எந்த வலியும் இல்ல." இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதுவரை ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள், கோயிலுக்கு வந்த பத்துப் பதினைந்து பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு நாலு பேர் கூடிவிட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். "இனியும் வராது" என்று சேர்த்தார்.

சம்பந்தி திரும்பி அவரைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கழுத்து திரும்பியது. வேறு வழியில்லாமல் அவரும் அதையே சொன்னார். அம்மாவும் சொன்னாள். அத்தை பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னாள்.

அதற்கு மூன்றாம் நாள் அப்பா காலையில் எழுந்து, ஜன்னலைப் பார்க்க உடம்போடு திரும்பினார். கூப்பிட்ட குரலுக்கு உடம்போடு திரும்பினார். மாட்டுக்குத் தவிடு வைக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. அம்மா என்ன என்று கேட்டதற்கு மாட்டின் குளம்பைப் பார்ப்பதாகச் சொன்னார். பட்டப்பகலில் கொல்லைக்குப் போகவும் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் தெரிந்தவர்கள் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காதவர்போல் நடந்தார். கல்யாணம் நெருங்கியதும் தலைகால் புரியவில்லை, மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிற திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாமி படத்துக்கு முன் நின்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டேன். "அனுப்புறதா இருந்தா அனுப்பு. கல்யாணம் முடிஞ்சதும் அனுப்பு." பாம்பைத்தான் சொன்னார்.

5

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அப்பாவால் தாங்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, "உன் முட்டியில என்னா அது?" என்று கேட்டார். ஆறிப்போன சிராய்ப்பு. "ஆறல. வா, வைத்தியர்கிட்ட காட்டலாம்" என்றார். விழுப்புரத்திலேயே எலும்பு வைத்தியர் இருந்தார். ஆனால் விழுப்புரத்தில் எங்களைத் தெரியாதவர்கள் யார். இரண்டு பஸ் மாறி, பாண்டிச்சேரி ரோட்டில் இருக்கும் கிளியனூருக்கு அழைத்துப் போனார்.

கிளியனூர் வைத்தியர் மனுஷருக்கும் பார்ப்பார், மாட்டுக்கும் பார்ப்பார். வாசல் பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் சுவரைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஓர் ஆடு கட்டியிருந்தது. அப்பா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, அவரும் சுவரைப் பார்த்தார். நான்தான் பார்த்தேன். அது சம்பந்தி.

"அப்பா, மாமா" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பவில்லை. திரும்ப முடியாது.

"வாங்க" என்றார் சம்பந்தி, சுவரிடம்.

"வாங்க, வாங்க. என்னா இவ்ளோ தூரம்?" என்றார் அப்பா, அதே சுவரிடம்.

"ஆட்டுக்குக் கால். நீங்க?"

"பொண்ணுக்கு முட்டி."

ஆடு அப்போது நாலு காலும் சேர்த்து ஒரு துள்ளுத் துள்ளிப் பெஞ்சின்மேல் ஏறி, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. வைத்தியர் வெளியே வந்தார். என்னையும் பார்க்கவில்லை, ஆட்டையும் பார்க்கவில்லை.

"ரெண்டு கழுத்துல எந்தக் கழுத்து மொதல்ல வந்துது?" என்று கேட்டார்.

உள்ளே போய்த் தட்டி நீவி, முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி முனகினார்கள். வெளியே வந்ததும் சம்பந்தி கேட்டார்:

"எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கினு வந்தீங்க. அந்த 'இனியும் வராது' எதுக்குங்க?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு."

"நான் காரை மரத்துல விட்டது தப்புதான். அதுக்காக என்னைப் பாம்புகிட்ட மாட்டி விடுவீங்களா?"

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சம்பந்தியும் சிரித்தார். சிரித்தால் வலித்தது, வலித்ததால் இன்னும் சிரித்தார்கள். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேருமாகத் திருவாமாத்தூர் போய் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதுவரை அத்தைக்குத் தெரியக்கூடாது. "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா கல்யாணமும் போச்சு, நானும் போனேன்" என்றார் சம்பந்தி.

பஸ்ஸில் வரும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "அம்மாகிட்டயும் சொல்லாத. பயந்துடுவா." நான் சொல்லவில்லை. கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளும் கழுத்தைச் சுற்றிச் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றார்கள். சொன்னபடியே அதற்கடுத்த வாரம் திருவாமாத்தூர் போய் வந்தார்கள். பாம்பு வரவில்லை. அப்பா போன வருஷத்துக்கு முந்திய வருஷம் நெஞ்சு வலியில் போனார். வட்டப்பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

6

இந்தக் கதையை என் மகள் மங்கைக்குப் போன மாதம் சொன்னேன். ஆறு வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் சொன்னால் இங்கிலீஷில் சிரிப்பாள். அன்றைக்குச் சிரித்தது எனக்காக இல்லை, தலைமுடி வெட்டிக்கொண்ட சந்தோஷம். என் கை மேலே எழாததால் இரண்டு வாரமாக அவளுக்குப் பின்னல் போட முடியவில்லை. வகுப்பில் எல்லாரையும்போல் காது வரைக்கும் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இதற்காகவே பால் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்த மாதிரி அவ்வளவு வேகமாகக் கேட்டாள். இவர் அழைத்துப்போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது. என் கைதான் இன்னும் அவள் முதுகில் பின்னலைத் தேடுகிறது.

ஆடு பெஞ்சில் ஏறிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "பாட்டிக்கு எங்கே வலித்தது?"

"பாட்டிக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

போலீஸ்காரரிடம் சொன்ன அதே குரலில் என் வாயிலிருந்து வந்தது அது. சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்று தலை வாரினேன். கை மேலே போகவில்லை. கையை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்துச் சீப்பிடம் கொண்டு போனேன். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மா இப்படித்தான் வாருவாள். அக்கா கல்யாணத்துக்கு முன் அவள் அப்படி வாரி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வேறு மாதிரி வாரியும் பார்த்ததில்லை. புடவை உலர்த்தும் கொடியை அந்த வருஷம்தான் இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினாள். நாங்கள் கேட்டதற்கு, காற்று கீழேதான் நன்றாக வருகிறது என்றாள். நாங்களும் நம்பினோம்.

நான் கப்பல் ஏறிய அன்று சென்னைத் துறைமுகத்தில் எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அம்மா மட்டும் ஆட்டவில்லை. கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். பெற்ற பெண் போகிறாளே, ஒரு கை தூக்க மனசில்லையா என்று எட்டு வருஷம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.

அப்பாவுக்குச் சம்பந்தி கிடைத்தார், வைத்தியர் கிடைத்தார், மன்னிப்பும் கிடைத்தது. அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறியது தன் உடம்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே என்றார் அப்பா. நானும் சமர்த்தாக இருந்துவிட்டேன். என் சமர்த்தை எதைக் கொண்டு அடிப்பது.

7

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்டிவனத்திலிருந்து மாதம் ஒரு முறை அக்கா விழுப்புரம் போய், என் கடிதத்தைப் படித்துக் காட்டி, அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவாள். அதனால் அம்மாவிடம் எது கேட்டாலும் அக்கா வாய் வழியாகத்தான் கேட்க வேண்டும். யாருக்குத் தெரியக்கூடாது என்று அம்மா பொத்தி வைத்தாளோ, அந்த அக்காவேதான் அதைப் படித்தாக வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். பால் வண்டி, கழுத்து, கிளியனூர், ஆடு. கடைசியில், "அம்மா, உனக்கு எந்த நாள் வலி ஆரம்பித்தது?" என்று கேட்டேன்.

நேற்று பதில் வந்தது. முதல் பாதி அம்மா சொன்னது. தனக்கு ஒன்றும் இல்லையாம், நான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், குழந்தைக்கு எண்ணெய் வைத்தால் முடி சீக்கிரம் வளருமாம். அதற்குக் கீழே அக்கா தன் பங்குக்கு எழுதியிருந்தாள்:

"நீ எழுதியதை நான் படித்து முடித்ததும் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். திண்டிவனத்து அத்தைக்குக் கேட்டுவிடுமாம். இருபத்தைந்து மைலுக்கு அந்தப் பக்கம் அத்தை படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். தோளுக்கு மேல் வரவில்லை. இத்தனை நாள் என் கண் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கிளியனூர் போகலாம் என்றேன். வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். 'எனக்குக் கல்யாணம் ஆகிப் பன்னண்டு வருஷமாச்சு, மூணு புள்ளைங்க இருக்குது. இனிமே அது நிக்காதும்மா' என்று சொல்லி அழுதேன். அம்மா மறுபடி எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, 'எதுக்கும் மாப்பிள்ளைய ஒரு வார்த்த கேட்டுக்கினு வா. அப்புறம் சொல்றேன், எங்கெங்க வலிக்குதுன்னு' என்றாள்."